ஆன்சி கேட்ட வாய்தா

வழக்கறிஞர் ரஹீமுன்னிசாவின் மனுக்களில் இறந்தவர்கள் எல்லாரும் ஒரே மாதிரிதான் இறந்தார்கள். சாலையின் இடது ஓரமாக, மிதமான வேகத்தில், விதிகளை மதித்துப் போய்க்கொண்டிருந்தார்கள். திடகாத்திரமாக இருந்தார்கள். குடும்பத்துக்கு அவர்களை விட்டால் வேறு ஆதாரம் இல்லை. பின்னால் வந்த லாரி மட்டும் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் வந்தது. இருபத்தாறு வருடங்கள் அவர் இப்படித்தான் எழுதினார். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் வரிசை கட்டி நின்ற காலம் முழுக்க அவருக்கு வழக்குகள் வந்துகொண்டே இருந்தன.

இராயபுரம் கல்மண்டபத்தில், படகு எஞ்சின் உதிரிபாகங்கள் விற்கும் கடைக்கு மேல் அவருடைய அலுவலகம். ஒரு மேசை, இரண்டு இரும்பு அலமாரி, ஒரு நீள பெஞ்சு. வண்ணாரப்பேட்டையில் அவருடைய அத்தா மஜீதுக்கு லாரித் தார்ப்பாய்க் கடை இருந்தது. மகள் விபத்து வழக்குகள் நடத்த ஆரம்பித்தபோது அவர், "நான் லாரிக்குப் போத்தி வுடறேன், நீ போர்வையை உருவறே" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் சொல்லிச் சிரித்தாராம். இப்போது அந்தக் கடையை ரஹீமுன்னிசாவின் கணவர் மொஹ்சின் பார்த்துக்கொள்கிறார்.

நான் ரஹீமுன்னிசாவின் கதைகளைக் கணினியில் ஏற்றிக் கொடுப்பவள். இங்கே எழுதியதில் பாதி என் எதிரில் நடந்தது. மீதி அவரும் அவருடைய குமாஸ்தா ராமதாஸும் சொன்னது.

நீதிமன்றத்தில் கொடுக்கும் வாக்குமூலம் ஆங்கிலத்தில் இருக்கும். அதைக் கொடுக்கிறவருக்கு ஆங்கிலம் தெரியாது என்றால் கடைசியில் ஒரு வாசகம் சேர்க்க வேண்டும். மேலே கண்டவை தமிழில் படித்துக் காட்டி விளக்கப்பட்டன, அவர் நன்றாகப் புரிந்துகொண்டு கையெழுத்திட்டார் என்று. பல அலுவலகங்களில் அந்த வாசகம் மட்டும் இருக்கும், படித்துக் காட்டுவது இருக்காது. குமாஸ்தா விரலை வைத்துக் காட்டுவார், கட்சிக்காரர் அந்த இடத்தில் கையெழுத்துப் போடுவார். ரஹீமுன்னிசா உண்மையிலேயே படித்துக் காட்டுவார். ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் தலையாட்டும் வரைக்கும் அடுத்த வரிக்குப் போக மாட்டார். வெளியே பெஞ்சில் நான்கு பேர் காத்திருப்பார்கள். ராமதாஸ் கதவில் தலையை நீட்டி, "மேடம், இது இன்னா பள்ளிக்கூடமா?" என்று கேட்பார். ரஹீமுன்னிசா நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார்.

படித்துக் காட்டும்போதுதான் மனிதர்கள் பேச ஆரம்பித்தார்கள். எல்லாம் சரிதான், ஆனால் அப்படி நடக்கவில்லை என்பார்கள். அவர் வண்டியே ஓட்டத் தெரியாதவர், பின்னால் உட்கார்ந்திருந்தார் என்பார்கள். திடகாத்திரம் எல்லாம் இல்லை, சர்க்கரை இருந்தது என்பார்கள். வழக்குக்கு வேண்டியதை ரஹீமுன்னிசா திருத்தினார். வேண்டாததைக் கேட்டுக்கொண்டார்.

ஆன்சி அப்படித்தான் பேச ஆரம்பித்தாள்.

காசிமேட்டில் மீன் விற்கிற பெண். அவளுடைய புருஷன் இன்னாசி விசைப்படகில் போகிறவன். மீன்பிடித் தடைக்காலத்தில் படகெல்லாம் கரையில் கட்டிக் கிடக்கும்போது திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் கூலி வேலைக்குப் போனான். ஒரு மே மாதக் காலையில் யார்டுக்குப் போகும் வழியில் லாரி அவனுடைய மொபெட்டை இடித்தது. சம்பவ இடத்தில் கிடந்த பொருட்களைப் போலீஸ் எழுதிய பட்டியலில் மூன்றாவதாக இப்படி இருந்தது: மூன்றடுக்கு எவர்சில்வர் டிபன் கேரியர் ஒன்று, மூடி சிவப்பு நைலான் வலைக்கயிற்றால் கட்டப்பட்டது.

இரண்டு வருடம் கழித்து ஆன்சியின் வாக்குமூலம் தயாரானது. ரஹீமுன்னிசா படித்துக் காட்டினார். சம்பவ தினத்தன்று என் கணவர் வழக்கம்போல வேலைக்குப் புறப்பட்டார் என்ற இடத்தில் ஆன்சி தலையாட்டவில்லை.

"வழக்கம்போல இல்ல வக்கீலம்மா. அன்னிக்கு நான்தான் தொரத்தினேன்."

அவன் நான்கு நாளாகக் குடித்துவிட்டு வந்திருக்கிறான். அன்று காலை ஆன்சி அவனிடம் கத்தவில்லை. உலையை வைத்து, இரண்டு வேளைக்கும் சேர்த்துச் சோறு கட்டி, டிபன் கேரியரை அவன் முன்னால் வைத்தாள். ராத்திரிக்கும் சேர்த்துத்தான் கட்டியிருக்கிறேன், தின்றுவிட்டு முகத்துவாரக்குப்பத்தில் உன் அண்ணன் வீட்டிலேயே படுத்துக்கொள், இனிமேல் இங்கே வராதே என்றாள். சொல்லிவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போய்விட்டாள். திரும்பி வந்தபோது அவன் போயிருந்தான். ஒன்பது வயது மகள் அனிஷா பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

ரஹீமுன்னிசா பேனாவை மூடி வைத்துவிட்டு அவள் சொன்னதைக் கேட்டார். அவன் எதற்காகப் போனான் என்பது வழக்கைப் பாதிக்காது. இடித்தது லாரிதான். ஆனாலும் 'வழக்கம்போல' என்ற சொல்லை அடித்துவிட்டு, வேலைக்குப் புறப்பட்டார் என்று மட்டும் வைத்தார். ஆன்சி கையெழுத்துப் போட்டாள். மகளுக்கு இது தெரியாது, தெரியவே கூடாது என்றாள். "இது என் காதோட நிக்கும்" என்றார் ரஹீமுன்னிசா.

வழக்கு ஆறு வருடம் நடந்தது. லாரி டிரைவரின் லைசென்ஸைச் சரிபார்க்க வேண்டிய சாட்சி வரவில்லை என்று ஒரு வாய்தா. இன்ஷூரன்ஸ் தரப்பு வக்கீலுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாய்தா. நீதிபதி மாறுதலில் போய்விட்டார் என்று மூன்று. ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஆன்சி அன்றைய மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு வந்து, நீதிமன்ற வராந்தாவில் நின்று, அடுத்த தேதியைக் கேட்டுக்கொண்டு போவாள். கடைசியில் வழக்கு ஜெயித்தது. அந்தப் பணத்தில் மகளைப் படிக்க வைத்தாள்.

ரஹீமுன்னிசா எழுத ஆரம்பித்தது அந்த வருடங்களில்தான். முடிந்துபோன வழக்குக் கட்டுகளின் காகிதங்களைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினார். முன்பக்கத்தில் மனு இருக்கும், பின்பக்கத்தில் மனுவில் இல்லாதது இருக்கும். சர்க்கரை நோய்க்காரர் கதை, வண்டி ஓட்டத் தெரியாதவர் கதை. முதல் கதை ஒரு சிறு பத்திரிகையில் வந்தது. அதைப் பார்த்த சக வக்கீல் ஒருவர், மேடத்துக்குக் கேஸ் குறைந்துவிட்டதா என்று பார் அசோசியேஷன் கேன்டீனில் எல்லார் முன்னாலும் கேட்டார். கேஸ் குறையவில்லை, கேஸில் எழுதுகிற பொய்தான் அலுத்துவிட்டது என்று ரஹீமுன்னிசா பதில் சொன்னார். கேட்டவர் டீயை வாங்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனார்.

ஐம்பதாவது வயதில் புதிய வழக்குகள் எடுப்பதை நிறுத்தினார். கையில் இருந்தவற்றில் பெரும்பாலானதை மெஹ்னாஸ் என்ற இளைய வக்கீலிடம் ஒப்படைத்தார். கறுப்புக் கோட்டு அலமாரிக் கதவின் உட்புறம் தொங்கியது. ராமதாஸைப் போகச் சொல்லவில்லை. ராமதாஸும் போகவில்லை. "எனக்கு வேற எங்க வேல தெரியும் மேடம், கேஸ் கட்டு கட்டத்தான் தெரியும். கதையும் கட்டுதானே, கட்டிட்டாப் போச்சு" என்றார்.

தன் கதைகளைப் பற்றி ரஹீமுன்னிசாவுக்குத் தயக்கமே இருந்ததில்லை. யாரிடமும் கொடுத்து எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டார். ஒரு கதை நன்றாக வந்திருந்தால் அவருக்கே தெரியும். தண்டையார்ப்பேட்டையில் சிறிய பதிப்பகம் நடத்தும் எழிலன் பன்னிரண்டு கதைகளைத் தொகுத்துப் புத்தகமாகப் போடக் கேட்டபோது, எந்தக் கதை முதலில் வரவேண்டும் என்பதை அவரே சொன்னார். முதல் கதை 'வழக்கம்போல'.

அது ஆன்சியின் கதை. ஆன்சி அதில் செல்வி. காசிமேடு தூத்துக்குடி ஆகியிருந்தது. இன்னாசி மீனவன் இல்லை, உப்பளத்தில் வேலை செய்கிறவன். மதம் மாறியிருந்தது, தெரு மாறியிருந்தது, லாரியின் நிறம்கூட மாறியிருந்தது. இவ்வளவு மாற்றிய பிறகு அது ஆன்சியின் கதை இல்லை, காதோடு நிற்கும் என்று சொன்ன வார்த்தை கெடவில்லை என்றுதான் ரஹீமுன்னிசா நினைத்தார். அப்படி நம்பாமல் இருந்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்.

டிசம்பரில் அச்சுக்குப் போகும் முன் மெய்ப்பு வந்தது. ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம் வரவேண்டும். எழுத்துப் பிழை பார்க்க ராமதாஸும் ஒரு கட்டை எடுத்துக்கொண்டார். மூன்றாவது பக்கத்தில் நிறுத்தி, மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது நம்ப ஆன்சிதானே மேடம்?"

எப்படித் தெரிந்தது என்று ரஹீமுன்னிசா கேட்டார்.

"டிபன் கேரியர். செவப்புக் கயிறு. போலீஸ் பட்டியல்ல மூணாவதா வருமே."

ரஹீமுன்னிசா பக்கத்தை வாங்கிப் பார்த்தார். உண்மைதான். பேரை மாற்றினார், ஊரை மாற்றினார், ஆளையே மாற்றினார். சான்றுப் பொருளை மட்டும் மாற்றவில்லை. மாற்ற வேண்டும் என்றே தோன்றவில்லை. இருபத்தாறு வருட வக்கீல் கை அது. சாட்சி என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், குறியிட்ட பொருளில் யாரும் கை வைப்பதில்லை. மூன்றடுக்கு, எவர்சில்வர், சிவப்பு வலைக்கயிறு எல்லாம் போலீஸ் பட்டியலில் இருந்தபடியே கதையில் இருந்தன. மூடி ஏன் கட்டப்பட்டிருந்தது என்பதற்குக் கொக்கி உடைந்திருந்தது என்று மட்டும் அவராக ஒரு வரி சேர்த்திருந்தார்.

"எனக்கே தெரியுதுன்னா அந்தப் பொண்ணுக்குத் தெரியாதா?" என்றார் ராமதாஸ். அனிஷா கல்லூரியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தாள். தமிழ்ப் புத்தகம் படிக்கிறவள். போலீஸ் திருப்பிக் கொடுத்த அப்பாவின் டிபன் கேரியர் அவர்கள் வீட்டுப் பரணில் சாக்குக்குள் இருந்தது.

மறுநாள் காலை ரஹீமுன்னிசா மெய்ப்பை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். ஏலம் முடிந்து ஆட்டோக்களும் வேன்களும் கிளம்பிப் போன பிறகு சந்தையில் கொஞ்சம் காது கேட்கும். ஆன்சி மீதி சங்கராவை ஐஸ் போட்டு மூடிக்கொண்டிருந்தாள். தனியாகப் பேச வேண்டும் என்றதும், பழுதுக்காகக் கரையேற்றி வைத்திருந்த படகின் நிழலுக்குக் கூட்டிப்போனாள். ஆளுக்கொரு மீன் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்கள். ரஹீமுன்னிசா எதையும் விளக்கவில்லை. முதல் வரியிலிருந்து படித்துக் காட்டினார்.

ஆன்சி முழங்கையில் ஒட்டியிருந்த செதில்களை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள். ஒரே ஒரு இடத்தில் நிறுத்தினாள்.

"மூணு இல்ல, நாலு."

"போலீஸ் பட்டியல்ல மூணடுக்குன்னுதான் இருக்கு ஆன்சி."

"போலீஸா சோறு கட்டினான்? நான் கட்டினேன். நாலு. அடியில ராத்திரிக்கு."

ரஹீமுன்னிசா ஓரத்தில் நான்கு என்று குறித்துக்கொண்டார். ஓர் அடுக்கு சாலையில் உருண்டு போயிருக்கும், போலீஸ் தேடியிருக்க மாட்டார்கள் என்று நினைத்தார். தொடர்ந்து படித்தார். முடிந்ததும் ஆன்சி ரஹீமுன்னிசாவின் பக்கம் திரும்பினாள்.

"காதோட நிக்கும்னியே வக்கீலம்மா. காதுல பேனா சொருவிகினு கேட்டியா?"

ரஹீமுன்னிசா அதற்குச் சமாதானம் சொல்லவில்லை. "தப்பு என்னுதுதான். வேணாம்னு ஒரு வார்த்த சொல்லு, இங்கியே கிழிச்சுடறேன்."

"கிழிக்கச் சொன்னேனா நான்?" ஆன்சி புடவையில் கையைத் துடைத்தாள். "கிழிச்சா நான் அனிஷாகிட்ட சொல்லாமயே செத்துருவேன். பதினோரு வருசமா இன்னிக்கு நாளைக்குன்னு தள்ளிகினு கீறேன். அச்சடிச்சா பொஸ்தகம் போய் அவகிட்ட சொல்லிடும். நான் சொல்லணும். எனக்கு வாய்தா குடு."

"எத்தினி நாள்?"

அப்போதுதான் ஆன்சி சிரித்தாள். "ஆறு வருசம் நான் கேட்டப்ப நீ இன்னா சொல்லுவே? கோர்ட்டு போடறதுதான் தேதி, நம்ப கையில இல்லன்னு சொல்லுவே. இப்ப நான்தான் கோர்ட்டு. தேதி போட்டா சொல்லியனுப்பறேன், போ."

எழிலன் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். அட்டைப்படம் விளம்பரத்தில் வந்தாயிற்று. நான்கு பேர் முன்பதிவு செய்தால்கூட அவருக்கு அது பெரிய செய்தி, இதற்கு நாற்பது பேர் செய்திருந்தார்கள். ஒரு கதையை எடுத்துவிட்டுப் பதினொரு கதையோடு போடலாம் என்றார். எடுத்த கதையை அடுத்த தொகுப்பில் சேர்க்கலாம், யாருக்கும் சங்கடம் இல்லை. நியாயமான யோசனைதான். நானும் மனதுக்குள் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ வழக்க வாபஸ் வாங்கச் சொல்லல எழிலன். வாய்தா கேட்டிருக்கா. வாய்தா கேட்டவ கேஸைத் தள்ளுபடி பண்ணக் கூடாது."

"ஒரு வருஷம் ஆனா?"

"ஆகட்டும். அவ ஆறு வருஷம் எனக்குக் குடுத்தா."

கதையை எடுத்துவிட்டால் ஆன்சி மகளிடம் சொல்லவேண்டிய அவசியம் போய்விடும் என்பதை அவர் எழிலனிடம் சொல்லவில்லை. அதை ராமதாஸிடம் சொன்னார். ராமதாஸ் ஆன்சியின் பழைய வழக்குக் கட்டை அலமாரியிலிருந்து எடுத்து, மெய்ப்பை அதோடு சேர்த்துக் கட்டி, மேலே சீட்டில் 'தேதி குறிப்பிடப்படாமல் ஒத்திவைப்பு' என்று எழுதினார். முப்பது வருடப் பழக்கத்தில் கை தானாக எழுதிவிட்டது என்றார்.

புத்தகக் கண்காட்சிக்கு ரஹீமுன்னிசா பார்வையாளராகப் போனார். எழிலனின் கடையில் அவருடைய புத்தகத்தின் அட்டை மட்டும் சுவரில் ஒட்டியிருந்தது, கீழே விரைவில் என்று. கேன்டீனில் பேசிய அதே வக்கீல் அங்கேயும் வந்தார். புத்தகத்துக்கே ஸ்டே ஆர்டரா மேடம் என்றார். ஆமாம், மேல்முறையீடு கிடையாது என்று சொல்லிவிட்டு ரஹீமுன்னிசா அடுத்த கடைக்குள் நுழைந்தார்.

ஒரே ஒரு விஷயத்தில் அவர் கொஞ்சம் அதிகமாகப் போனார். காசிமேட்டுப் பக்கமே போகவில்லை. வீட்டிலிருந்து யாரும் அங்கே மீன் வாங்கக் கூடாது என்றார். மீன் வாங்கப் போனாலும் தேதி கேட்க வந்ததுபோல ஆகிவிடுமாம். கோர்ட் வாசலில் நின்றுகொண்டு நீதிபதியின் முகத்தைப் பார்க்கிற கட்சிக்காரர்களை அவருக்கு என்றைக்கும் பிடிக்காது. வேறு சந்தை மீன் மொஹ்சினுக்குப் பிடிக்காது. "கதை எழுதறது நீ, கத்திரிக்கா தின்றது நான்" என்று அவர் பிப்ரவரியில் சொன்னார். மார்ச்சில் சொல்வதையும் நிறுத்திவிட்டார். பொங்கல் போய், ரம்ஜான் போய், ஈஸ்டரும் போனது. ஏப்ரல் நடுவில் தடைக்காலம் வந்து படகுகள் கரைக்கு வந்தன. ரஹீமுன்னிசா அதற்குள் மூன்று புதிய கதைகள் எழுதியிருந்தார். அவற்றில் ஒன்றிலும் சான்றுப் பொருள் எதுவும் இல்லை.

மே மாதக் கடைசியில் ஒரு முற்பகல் ஆன்சி மாடியேறி வந்தாள். மாதா கோயில் பூசைக்குக் கட்டுகிற புடவை கட்டியிருந்தாள். பின்னால் அனிஷா, கையில் ஒரு சாக்குப் பையோடு.

"தேதி வந்துடுச்சு" என்றாள் ஆன்சி.

மகள் உள்ளே உட்காரும் வரை காத்திருந்துவிட்டு, ராமதாஸிடம் மெதுவாக மற்றதைச் சொன்னாள். இன்னாசியின் நினைவு நாளன்று கல்லறையிலிருந்து திரும்பி வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். அனிஷா ஒரு வார்த்தை பேசவில்லை. இரண்டு நாளாக அம்மாவிடம் பேச்சே இல்லை. இன்று காலை வாயைத் திறந்து, அந்தக் கதையைக் கேட்க வேண்டும் என்று மட்டும் சொன்னாளாம். "அவளத் தொலைச்சுட்டேன்னு நெனைக்கறேன் நைனா" என்றாள் ஆன்சி. ராமதாஸ் அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டார்.

ரஹீமுன்னிசா கட்டைப் பிரித்து மெய்ப்பை அனிஷாவிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை.

"படிச்சுக் காட்டுங்க. அம்மாக்கு அப்டித்தான பண்ணீங்க."

அவர் படித்தார். அடுப்பங்கரை, உலை, குடிகாரப் புருஷன். இனிமேல் இங்கே வராதே என்ற வரி வந்தபோது ஆன்சி தலையைக் குனிந்துகொண்டாள். அனிஷாவின் முகத்தில் எதுவும் தெரியவில்லை. ரஹீமுன்னிசாவின் குரலும் மாறவில்லை. சாட்சியின் முகத்தைப் பார்த்துக் குரலை மாற்றுவது அவருக்குப் பழக்கம் இல்லை. செல்வி நான்கடுக்கு டிபன் கேரியரை அவன் முன்னால் வைத்தாள் என்று படித்தார். அதன் மூடிக் கொக்கி உடைந்திருந்ததால் அவன் அதைச் சிவப்புக் கயிற்றால் கட்டிக்கொண்டு கிளம்பினான்.

"கொக்கி ஒடையல" என்றாள் அனிஷா.

பையைத் திறந்து டிபன் கேரியரை எடுத்து மேசைமேல் வைத்தாள். பதினோரு வருடமாக யாரும் பிரிக்காத சாக்கிலிருந்து அன்று காலைதான் எடுத்திருக்கிறாள். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. கயிறு சாயம் போயிருந்தது. அதை அவிழ்த்து, மூடிக் கொக்கியைத் தூக்கிக் காட்டினாள். கொக்கி நன்றாக இருந்தது. ஆனால் அழுத்தினால் மூடியைத் தொடவில்லை, ஓரடுக்கு உயரத்துக்கு இடைவெளி இருந்தது.

"கேரியர் சட்டம் நாலடுக்குக்கு. உள்ள மூணுதான் கீது. அதான் கயிறு."

"நாலுடி" என்றாள் ஆன்சி. "நான் கட்டினது எனக்குத் தெரியாதா?"

"நீ நாலுதான் கட்டினே. அப்பா மூணுதான் எடுத்துகினு போச்சு."

அவள் தூங்கவில்லை. பாயில் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள். அம்மா குடத்தோடு போனதும் இன்னாசி தரையில் உட்கார்ந்து டிபன் கேரியரைக் கழற்றியிருக்கிறான். ஓர் அடுக்கை எடுத்து அலமாரிக்குப் பின்னால் வைத்தான். திரும்பியபோது மகள் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா கோபமாக இருக்கிறாள், இப்போது சொல்லாதே, ராத்திரி வந்து இதைத் தின்றுகொள்கிறேன் என்றானாம். மூடி நிற்காமல் ஆடியதால் வலைப்பெட்டியிலிருந்து கயிறு எடுத்துக் கட்டினான். மதியத்துக்குள் வீடு நிறையச் சனம் வந்துவிட்டது. யாரோ அந்தச் சோற்றைக் கொட்டி, அடுக்கைக் கழுவி, மற்ற பாத்திரங்களோடு வைத்துவிட்டார்கள். துக்கம் முடிந்து அவரவர் பாத்திரத்தை எடுத்துப் போனபோது அதுவும் எங்கேயோ போய்விட்டது. அனிஷா தேடிப் பார்த்தாள். கேட்பதற்கு வழி இல்லை. கேட்டால் சண்டையைக் கேட்டது தெரிந்துவிடும். அம்மா அந்தச் சண்டையைப் பற்றிப் பேசவே இல்லை, அதனால் அவளும் பேசவில்லை.

வெளியே தாள் குத்திக்கொண்டிருந்த ராமதாஸ் கதவருகே வந்து நின்றிருந்தார்.

ஆன்சி உடனே நம்பிவிடவில்லை. ஆறு வருடம் நீதிமன்றத்தில் நின்றவள். மகளைப் பார்த்து, வக்கீல்கள் கேட்கிற தொனியில் கேட்டாள்.

"எந்த அடுக்க எடுத்தாரு?"

"அடி அடுக்கு. தண்ணி ஊத்தின சோறு இருந்துச்சு. எடுக்கறப்ப அப்பா லுங்கில கொட்டிக்கிச்சு."

ராத்திரிச் சோறு கெட்டுப்போகாமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி அடியில் வைத்ததை ஆன்சி யாரிடமும் சொன்னதில்லை. ரஹீமுன்னிசாவிடம்கூடத் தண்ணீரைப் பற்றிச் சொல்லவில்லை, கதையிலும் இல்லை. அவள் முந்தானையை எடுத்து முகத்தை ஒருமுறை அழுத்தித் துடைத்தாள். பிறகு மூன்றடுக்கையும் தன் பக்கம் இழுத்து, ஒவ்வொன்றாக உள்ளே எட்டிப் பார்த்தாள். அனிஷா தன் நாற்காலியை அம்மாவின் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

"ரெண்டு நாளா ஏன்டி பேசல?"

"அந்த அடுக்கப் பத்தி எப்டி சொல்றதுன்னு தெரியல. இத்தன வருசம் மறைச்சேன்னு அடிப்பியோன்னு நெனச்சேன்."

"அடிக்கத்தான் போறேன். வூட்டுக்கு வா."

ரஹீமுன்னிசா அதுவரை மேசையில் கிடந்த மெய்ப்பைத் தொடவில்லை. இப்போது எடுத்து, செல்வி கட்டியது நான்கு என்று தான் ஓரத்தில் எழுதியிருந்ததை அப்படியே விட்டு, சாலையில் கிடந்ததை மறுபடி மூன்று ஆக்கினார். கொக்கி உடைந்த வரியை முழுக்க அடித்தார். சான்று சரியாகத்தான் இருந்தது, அதற்குக் காரணம் கேட்காமல் தானாக ஒன்றைச் சேர்த்ததுதான் பிழை என்று சொன்னார். பிறகு ஆன்சியைப் பார்த்து, இதையும் எழுதலாமா, இல்லை இதற்கும் தேதி வேண்டுமா என்று கேட்டார்.

"இதுக்கு வாய்தா வேணாம்" என்றாள் ஆன்சி. "இன்னிக்கே எழுது. எழுதிட்டுப் படிச்சுக் காட்டு."

கடைசி இரண்டு பக்கங்களை அவர் அன்று பிற்பகலே சொல்லச் சொல்ல நான் ஏற்றினேன். தூத்துக்குடி மறுபடி காசிமேடு ஆனது. உப்பளம் போய்ப் படகு வந்தது. செல்வி என்ற பெயர் மட்டும் மாறவில்லை. ஆன்சிதான் அது அப்படியே இருக்கட்டும் என்றாள். தெருவில் இருப்பவர்களுக்குத் தெரிந்தால் பரவாயில்லையாம். தெரியாதவர்களிடம் போய் அவளே சொல்லவேண்டியதில்லையாம்.

நான்கு நாள் கழித்து அதே படகின் நிழலில் ரஹீமுன்னிசா முழுக் கதையையும் படித்துக் காட்டினார். படகுக்குப் புதுச் சாயம் அடித்திருந்தார்கள். ஆன்சி எங்கேயும் நிறுத்தவில்லை. முடிந்ததும் பேனாவைக் கேட்டாள். கடைசிப் பக்கத்தில் போட்டால் போதாதா என்று அனிஷா கேட்டதற்கு, கோர்ட்டில் எல்லாப் பக்கத்திலும்தான் போடச் சொல்வார்கள், உனக்கு இன்னா தெரியும் என்று சொல்லிவிட்டு, ஒவ்வொரு தாளின் அடியிலும் கையெழுத்துப் போட்டாள். எழிலனுக்குப் போனது அதன் நகல். கையெழுத்திட்ட பிரதி அவளுடைய வழக்குக் கட்டோடு அலமாரியில் இருக்கிறது.

ஜூன் நடுவில் தடைக்காலம் முடிந்து படகுகள் போய்த் திரும்பிய முதல் காலையில் மொஹ்சின் பையை எடுத்துக்கொண்டு காசிமேட்டுக்குப் போனார். ஆன்சி பெரிய வஞ்சிரமாகப் பார்த்து எடுத்துக் கொடுத்தாள். விலையில் ஒரு ரூபாய்கூடக் குறைக்கவில்லை. பேரம் பேசிப் பார்த்த மொஹ்சினிடம், வக்கீலம்மா ஆறு வருசத்துல எனக்கு ஒரு வாய்தா கொறச்சுதா என்று கேட்டாளாம்.